பெரியப்பா கடையில் சனி, ஞாயிறு வேலை: 17 வயதுக்கு மணிக்கு 6 பவுண்ட் சரியா?

ஹரோ_அம்மா:

லண்டனில் கடை வேலை, சம்பளக் கணக்கு தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் இதை வைத்து ஒரே இழுபறி.

மகனுக்கு 17 வயது, ஏ லெவல் கடைசி வருடம். போன செப்டெம்பரிலிருந்து சனி, ஞாயிறு ஒரு மூலைக் கடையில் நிற்கிறான். பேப்பர், பால், பியர், பார்சல் எல்லாம் உள்ள கடை. முதலாளி என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், மகனுக்குப் பெரியப்பா. காலை 7 முதல் பின்னேரம் 4 வரை என்றுதான் பேச்சு. ஆனால் பேப்பர்க் கட்டுகளைப் பிரித்து அடுக்க 6.45க்கே வந்துவிட வேண்டும். மதியச் சாப்பாடு டில்லுக்கு, அதாவது காசு வாங்கும் மேசைக்கு, பின்னால் நின்றபடிதான். ரோல்ஸை ஒரு கடி கடிப்பான், ஆள் வரும், கையைத் துடைத்துவிட்டுப் பார்சல் தேடிக் கொடுப்பான், திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடுவான்.

சம்பளம் மணிக்கு 6 பவுண்ட். ஞாயிறு பின்னேரம் என்வலப்பில் காசாக 108 வரும். போன கிழமை 94தான் இருந்தது. டில்லில் 14 பவுண்ட் குறைந்ததாம், அதைக் கழித்துவிட்டாராம். பேஸ்லிப் (சம்பளச் சீட்டு), கையெழுத்துப் போட்ட கடதாசி என்று ஒன்றும் கிடையாது.

நானே போய்க் கேட்டேன். "பதினெட்டு ஆகாத பெடியனுக்கு மினிமம் வேஜ் இல்லை, அதோடு இது குடும்பக் கடை" என்றார். வேலை பழக்குவதற்கு நான்தான் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று ஒரு சிரிப்பு வேறு. கணவர் விட்டுவிடச் சொல்கிறார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் வீட்டில்தான் அறை தந்தார், அந்த நன்றி இருக்க வேண்டுமாம். அந்த அறைக்கு மாதாமாதம் வாடகை எண்ணிக் கொடுத்தோம் என்பதை இவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

அவர் சொல்வது உண்மையா? 2026 மார்ச் 12ஆம் தேதி மகனுக்கு 18 முடிகிறது. அன்றையிலிருந்து சம்பளம் மாறுமா?

கணக்கக்கா:

நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள், அதனால் பெரியப்பா சொன்ன இரண்டு வசனமும் எனக்குப் பழக்கமானவைதான்.

18 ஆகாதவனுக்கு மினிமம் வேஜ் இல்லை என்பது ஒரு காலத்தில் உண்மை. 1999 ஏப்ரலில் இந்த நாட்டில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது 22 வயதிலிருந்து மணிக்கு 3.60, 18 முதல் 21 வரை 3.00, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. 2004 அக்டோபரில்தான் 16, 17 வயதுக்காரருக்கு 3 பவுண்ட் என்று முதன்முதலாக ஒரு வீதம் வைத்தார்கள். பெரியப்பா அதற்கு முன்பே கடை திறந்தவராக இருக்க வேண்டும். இப்போது, 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை, 21 வயதுக்கும் மேலேயும் 12.21, 18 முதல் 20 வரை 10.00, கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டிய, 18 ஆகாதவர்களுக்கு 7.55. கட்டாயப் பள்ளி வயது என்பது 16 வயதாகும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளியோடு முடிகிறது, உங்கள் மகன் அதை எப்போதோ தாண்டிவிட்டான். வயது குறைந்தவனுக்குக் குறைத்துக் கொடுக்கச் சட்டமே இடம் தந்திருக்கிறது. அந்தச் சலுகையையும் எடுத்துக்கொண்டு அதற்கும் கீழே போகத்தான் இடமில்லை.

குடும்பக் கடை என்ற வசனத்துக்கு வருவோம். குடும்பத் தொழிலுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் வேலை செய்கிறவர் முதலாளியின் குடும்பத்தவராக இருக்க வேண்டும், முதலாளியின் வீட்டிலேயே வசிக்க வேண்டும், அந்தத் தொழிலை நடத்துவதில் பங்கெடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் மகன் உங்கள் வீட்டில் தூங்கி எழுந்து பஸ் பிடித்துப் போகிறான். பெரியப்பா முறை என்பது கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்காருவது என்பதற்கு உதவும், இதற்கு உதவாது.

இனி நேரக் கணக்கு. 6.45க்கு வரச் சொன்னால் 6.45லிருந்து அது வேலை நேரம். டில்லை விட்டு நகராமல் சாப்பிட்டதும் வேலை நேரம்தான், இடைவேளை ஆகாது. ஒரு நாளைக்கு ஒன்பதேகால், இரண்டு நாளைக்கு 18.5 மணி. 108ஐ 18.5ஆல் வகுத்துப் பாருங்கள், அவன் உண்மையில் வாங்குவது 6 கூட இல்லை, 5.84. சட்டப்படி 139.68 வர வேண்டும். கிழமைக்கு 31.68 குறைகிறது.

அதோடு, 18 ஆகாதவனை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிடம் முழுதாக விட வேண்டும். பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு கிழமைக்கு 48 மணி நேரம் என்ற வரம்பிலிருந்து விலகிக்கொள்வது போல இவர்கள் இந்த 8 மணியிலிருந்து விலகவும் முடியாது.

டில்லில் குறைந்த 14 பவுண்ட்தான் எனக்கு அதிகம் கோபம் தந்தது. ஒப்பந்தத்திலோ முன்கூட்டியே எழுத்திலோ அவன் சம்மதிக்காமல் சம்பளத்தில் கை வைக்கவே முடியாது. சம்மதித்திருந்தாலும், கடை வேலை செய்கிறவரிடம் காசு குறைந்ததற்காக வெட்டக்கூடியது அந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான், 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. 108இல் பத்தில் ஒன்று 10.80. ஒழுங்காக 139.68 கொடுத்திருந்தாலும் 13.96. அப்போதும் 14க்கு நாலு பென்ஸ் குறைவு!

பிறந்தநாள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பிறந்தநாளன்றே வீதம் மாறாது. பிறந்தநாளன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் முதல் சம்பளக் காலத்திலிருந்துதான் மாறும். கிழமைச் சம்பளம், திங்கள் முதல் ஞாயிறு என்று வைத்தால், மார்ச் 12 வியாழன். அந்தச் சனி, ஞாயிறு இன்னும் 7.55தான். 16ஆம் தேதி தொடங்கும் கிழமையிலிருந்து 10.00. மாதச் சம்பளம் என்றால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும், அதனால் "இனி மாதம் மாதம் தருகிறேன்" என்று திடீரென்று சொன்னால் யோசியுங்கள்.

கையில் காசாக வாங்குவதால் மகனுக்கு லாபம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். கிழமைக்கு 139.68க்கு வருமான வரியும் இல்லை, நஷனல் இன்சூரன்ஸும் (அரசாங்க ஓய்வூதியம் போன்றவற்றுக்குச் சம்பளத்தில் பிடிப்பது) இல்லை. தொழிலாளி பக்க நஷனல் இன்சூரன்ஸ் 242இல்தான் தொடங்குகிறது. உண்மையில் 2025-26 வரி வருடத்தில் 125ஐத் தாண்டினால் காசு கட்டாமலே அந்தச் சம்பளம் அவன் நஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் ஏறும். 108இல் ஏறாது. விடுமுறைச் சம்பளமும் உண்டு, வருடத்துக்கு 5.6 கிழமை. அவனுடைய 18.5 மணி நேரத்துக்கு அது 103.6 மணி, 7.55 வீதத்தில் 782 பவுண்டுக்கு மேல். இதுவரை ஒரு நாளாவது சம்பளத்தோடு லீவு கிடைத்ததா என்று கேளுங்கள்.

மூலைக்கடை:

தங்கச்சி, நானும் கடைக்காரன்தான், ஆனால் 6 பவுண்ட் கொடுக்கிற கடைக்காரன் இல்லை. என் கடையில் சனிக்கிழமை நிற்கிற பிள்ளைக்கு 7.55ம் பேஸ்லிப்பும் போகிறது. பக்கத்துத் தெருக் கடை 5.84க்கு ஆள் வைத்துக்கொண்டு பாலை என்னைவிட இருபது பென்ஸ் குறைத்து விற்றால் வாடிக்கையாளர் என்னைத்தான் கொள்ளைக்காரன் என்கிறார். அதனால் உங்கள் பெரியப்பா மேல் எனக்கும் கோபம் உண்டு.

ஆனால் இளம் ஆட்களுக்குக் குறைந்த வீதம் வைத்திருப்பதே அநியாயம் என்று யாராவது தொடங்குவதற்கு முன் கடைப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். 18 ஆகாத பிள்ளை தானாக ஒரு பியர் கூட விற்க முடியாது. ஒவ்வொரு விற்பனைக்கும் பொறுப்பான பெரிய ஆள் ஒருவர் சரி சொல்ல வேண்டும். அதாவது அவன் டில்லில் நின்றால் நானோ மனைவியோ அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கடையில் பியர் இல்லாத பில்லே அபூர்வம். 12.21 கொடுத்தால் எல்லாம் செய்யக்கூடிய ஆளை எடுக்கலாமே, இதுவரை ஓரிடத்திலும் நிற்காத பிள்ளையை ஏன் எடுக்கப் போகிறேன்? அந்த வித்தியாசம் இருப்பதால்தான் அவர்களுக்கு முதல் வேலை கிடைக்கிறது.

கணக்கக்காவிடம் ஒரு கேள்வி. அப்பிரண்டிஸ், அதாவது தொழில் பயிலுகிறவர், என்று பதிந்தால் 7.55தான் என்கிறார்கள். 18 ஆன பிறகும் அந்த வீதத்தில் வைத்திருக்கலாமா?

அப்புறம் தங்கச்சி, நீங்கள் போய்க் கேட்டால் அவருக்கு ரோசம் வரும். உங்கள் வீட்டுக்காரரை அனுப்புங்கள், அண்ணன் தம்பி கதைத்துக்கொள்ளட்டும்.

இரவுஷிப்ட்:

அங்கிள் சொல்வது 17 வயதுக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு 19. பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு 10 முதல் காலை 6 வரை. கூட நிற்கிற அண்ணாவுக்கு 23. அவருக்கு 12.21, எனக்கு 10.00. எட்டு மணி நேரத்துக்கு 17.68 வித்தியாசம். நான் வந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவர் வந்தார், ஜன்னல் வழியாகக் காசு வாங்குவதிலிருந்து கோப்பி மெஷின் கழுவுவது வரை அவருக்குப் பழக்கினதே நான்தான். பியர் வாங்க வருகிறவனிடம் ஐடி கேட்கிற பொறுப்பு இருவருக்கும் ஒன்று. தவறிப்போய் 18 ஆகாதவனுக்கு விற்றால் தண்டமும் எனக்கு வயதுச் சலுகையோடு வராது.

வீட்டுக்காரர் அறை வாடகையை 19 வயது விலையில் தருவதில்லை. இதை வயதுப் பாகுபாடு என்று வழக்குப் போட முடியாதா அக்கா?

கணக்கக்கா:

முதலில் அண்ணனுக்கு. அப்பிரண்டிஸ் என்பது நீங்கள் பதிந்துகொள்ளும் பெயர் இல்லை. எழுத்தில் பயிற்சி ஒப்பந்தம் வேண்டும், அங்கீகரித்த பாடத்திட்டம் வேண்டும், வேலை நேரத்துக்குள்ளேயே சம்பளத்தோடு படிப்பும் நடக்க வேண்டும். சனி, ஞாயிறு டில்லில் நிற்கிற ஏ லெவல் மாணவன் அதற்குள் வரமாட்டான். 17 வயதில் இரண்டு வீதமும் ஒன்றே, அதனால் அந்தப் பெயரால் முதலாளிக்கு ஒரு பென்ஸ் மிச்சமும் இல்லை. 18 ஆன அன்றுதான் அந்தப் பெயர் மேல் எல்லாருக்கும் ஆசை வருகிறது. உண்மையான அப்பிரண்டிஸ் என்றால் 19 வயதுக்குள் இருக்கும்வரை, அல்லது முதல் வருடத்தில் இருக்கும்வரை அந்த வீதம் செல்லும். பொய்யாக எழுதினால் பிறகு 10.00க்கு உள்ள வித்தியாசம் முழுவதும் கட்ட வேண்டும்.

இளம் ஆட்களை எடுப்பதில் கடைக்காரருக்கு வேறு சலுகை இல்லாமலும் இல்லை. 21 ஆகாதவர்களுக்கு, சம்பளம் மிகவும் உயர்ந்தால் ஒழிய, முதலாளி பக்க நஷனல் இன்சூரன்ஸ் கட்ட வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அது 15 சதவீதம். சின்னக் கடைகளுக்கு வருடத்துக்கு 10,500 வரை கழிவு இருப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை.

தம்பிக்கு: வழக்கு நிற்காது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமே இந்த வயது வீதங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் இடைவெளி சுருங்கிக்கொண்டு வருகிறது. முழு வீதம் 2016இல் 25 வயதிலிருந்து என்று வைத்தார்கள், 2021இல் 23, 2024இல் 21. உங்கள் வயதுக்கான வீதம் 2025 ஏப்ரலில் 8.60லிருந்து ஒரே தாவலில் 10.00 ஆனது, 16.3 சதவீதம். 2026 ஏப்ரல் 1இல் 10.85. முழு வீதம் 12.71 ஆகிறது, எனவே 2.21 ஆக இருந்த வித்தியாசம் 1.86. 18 வயதிலிருந்தே ஒரே வீதம் என்பதுதான் அரசாங்கம் சொல்லியிருக்கும் இலக்கு.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், 16, 17க்கு ஒரு குறைந்த வீதம் இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அண்ணன் சொன்ன பியர்க் கதை உண்மைதான், பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். 18க்குப் பிறகு அந்தக் காரணம் ஒன்றும் இல்லை. இரவில் தனியாகக் கடையைப் பூட்டித் திறக்க நம்பலாம், ஆனால் முழுச் சம்பளத்துக்கு நம்ப முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை. சட்டம் கீழ் எல்லையைத்தான் போட்டிருக்கிறது தம்பி, 19 வயதுக்காரனுக்கு 12.21 கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அனுபவம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

ஹரோ_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. போய்க் கதைத்தாயிற்று.

மூலைக்கடை அண்ணன் சொன்ன மாதிரி கணவரை அனுப்பினேன், ஆனால் நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் இவர் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவார். அரசாங்க இணையப் பக்கத்தில் இருந்த வீத அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போனோம். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, "இதெல்லாம் பெரிய கடைகளுக்கு" என்றார். சின்னக் கடைக்கு வேறு வீதம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து, "கொடுத்துத் தொலையுங்கள், அவன் இல்லாவிட்டால் பேப்பர் அடுக்கப் போவது நான்தானே" என்று சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது.

வரும் கிழமையிலிருந்து 7.55, பேஸ்லிப், 8 மணி நேரம், அரை மணி இடைவேளை. 14 பவுண்டைத் திருப்பித் தந்துவிட்டார். செப்டெம்பரிலிருந்து உள்ள பாக்கிக்கு மட்டும் "பார்ப்போம்" என்கிறார். அதோடு, 18 ஆன பிறகு கட்டுப்படியாகாது, சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்றும் ஒரு வார்த்தை போட்டார். அப்படிக் குறைக்கலாமா? ஈஸ்டர் சனி, ஞாயிறு நிற்பதற்கு இரட்டைச் சம்பளம் கேட்கலாமா என்று மகன் கேட்கச் சொன்னான்.

கணக்கக்கா:

பெரியம்மாவை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், வேலை தருகிறோம்.

வியாபாரம் குறைந்ததால் நேரத்தைக் குறைப்பது வேறு, மினிமம் வேஜ் கேட்டதற்காகக் குறைப்பது வேறு. 1998ஆம் ஆண்டுத் தேசியக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இரண்டாவதை அனுமதிக்கவில்லை. அதனால் வேலையை விட்டு நிறுத்தினால், எத்தனை நாள் வேலை செய்தான் என்று பார்க்காமலே அது அநியாய நீக்கம். ஆனால் நிரூபிக்க எழுத்து வேண்டும். "சனி மட்டும் என்று சொன்னீர்கள், காரணம் என்ன பெரியப்பா" என்று மகனை மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். பதில் எப்படி வந்தாலும் பயன்படும்.

பாக்கிக்கு: செப்டெம்பரிலிருந்து நின்ற நாட்களையும் நேரங்களையும் அவன் ஒரு கடதாசியில் எழுதட்டும். போனில் பழைய மெசேஜ், பஸ் பயணப் பதிவு இருந்தால் அதுவும் சாட்சி. வேலை நேரப் பதிவை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை, இல்லை என்றால் சிக்கல் அவருக்குத்தான். ஏப்ரல் 1க்குப் பிறகு இழுத்தால் பாக்கியைப் புதிய வீதத்துக்கு ஏற்பக் கூட்டிக் கொடுக்க வேண்டும், இதை அவர் காதில் போட்டு வையுங்கள். அவராகவே இப்போது தீர்த்துவிட்டால் அதோடு போகும். எச்எம்ஆர்சி, அதாவது வரித் திணைக்களம், வந்து கண்டுபிடித்தால் பாக்கியோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதம், 14 நாளில் கட்டினால் அதில் பாதி. ஏகாஸ் என்ற வேலைத்தல ஆலோசனை அமைப்பின் உதவி எண் 0300 123 1100, இலவச ஆலோசனை, பெயர் சொல்லாமலும் கேட்கலாம். வேலை நியாயமன்றத்துக்குப் போவதென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் முதலில் ஏகாஸிடம் பதிய வேண்டும், அந்த நாளை மட்டும் தவறவிட வேண்டாம்.

ஈஸ்டருக்கு இரட்டைச் சம்பளம் சட்டத்தில் இல்லை. ஈஸ்டர் ஞாயிறு இங்கிலாந்தில் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) கூட இல்லை, பேங்க் ஹாலிடேயாக இருந்தாலும் கூடுதல் சம்பளம் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. அன்றைக்குப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பூட்டியிருக்க வேண்டும், சின்னக் கடைகள் திறக்கலாம், அதனால் பெரியப்பாவுக்கு வருடத்தில் நல்ல வியாபாரம் நடக்கிற நாட்களில் அதுவும் ஒன்று. கேட்டுப் பார்க்கலாம். அவர் எதுவும் கூட்டித் தராவிட்டாலும் ஏப்ரல் 4, 5க்கு 10.00 வீதம். புதிய 10.85 அந்தக் கிழமைக்கு வராது, சம்பளக் கிழமை மார்ச் 30 திங்களே தொடங்கிவிடுகிறது. 6ஆம் தேதி தொடங்கும் கிழமைக்குத்தான் வரும்.